மோதலில் பிறந்த நிலா

1969 ஜூலையில், நிலவின் அமைதிக் கடலில் நடந்து முடித்து ஏணியேறும் நேரம் நெருங்கியபோது, கற்கள் வைத்திருந்த பெட்டியில் இன்னும் இடம் மிச்சமிருப்பதை நீல் ஆர்ம்ஸ்ட்ராங் பார்த்தார். காலடியில் கிடந்த மண்ணைக் கரண்டியால் வாரி வாரி அதில் போட்டு நிரப்பினார். வெறும் சாம்பல் நிற மண். பூமிக்கு வந்து சேர்ந்ததும் எல்லோருடைய கண்ணும் கற்களின் மேல்தான் இருந்தது. ஆனால் நிலா எப்படிப் பிறந்தது என்ற கேள்விக்கு முதல் துப்பு அந்த மண்ணுக்குள் இருந்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தில் வேலை செய்த ஜான் வுட்டுக்கு அந்த மண்ணில் சிறு பங்கு கிடைத்தது. அவரும் அவருடைய குழுவினரும் அதைச் சலித்து, சில மில்லிமீட்டர் அளவுள்ள பொடிக்கற்களைப் பொறுக்கியெடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். பெரும்பாலானவை கறுப்பு. எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறையின் நொறுங்கல்கள் அவை. ஆனால் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்து துணுக்குகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. அந்த வெள்ளைக்கல்லின் பெயர் அனார்த்தசைட். கால்சியமும் அலுமினியமும் நிறைந்த ஃபெல்ட்ஸ்பார் கனிமத்தால் ஆனது.

ஆர்ம்ஸ்ட்ராங் இறங்கிய சமவெளி கறுப்புப் பாறையால் ஆனது. அங்கே வெள்ளைக்கல்லுக்கு என்ன வேலை? தொலைவில் தெரியும் வெளிர்நிற மேட்டுநிலத்தில் விண்கற்கள் விழுந்தபோது சிதறி வந்து விழுந்தவை இவை என்று வுட் முடிவு கட்டினார். அப்படியானால் நிலவின் மேட்டுநிலம் முழுவதும், அதாவது நாம் இங்கிருந்து வெண்மையாகப் பார்க்கும் பரப்பெல்லாம், அனார்த்தசைட்டாக இருக்க வேண்டும். அவ்வளவு வெள்ளைப்பாறை மேலே வந்து சேர ஒரே வழிதான் உண்டு. நிலா ஒரு காலத்தில் பல நூறு கிலோமீட்டர் ஆழத்துக்கு உருகிக் கிடந்திருக்க வேண்டும். அந்தப் பாறைக்குழம்பு ஆற ஆற, கனமான படிகங்கள் அடியில் தங்கின. எடை குறைந்த ஃபெல்ட்ஸ்பார், காய்ச்சிய பாலின் மேல் ஆடை திரள்வதுபோல, மேலே மிதந்து ஓடாக இறுகியது. 1970 ஜனவரியில் ஹூஸ்டனில் நடந்த முதல் நிலா அறிவியல் மாநாட்டில் வுட் இதைச் சொன்னார். சிகாகோவிலிருந்து வந்த வேறொரு குழுவும் தனியே அதே முடிவுக்கு வந்திருந்தது.

கையளவு மண்ணிலிருந்து ஒரு முழு உலகம் உருகிக் கிடந்ததைக் கண்டுபிடித்த இந்த ஊகத்தைப்போல் துணிச்சலானது அறிவியலில் அதிகம் இல்லை என்பது என் எண்ணம். அது நிலைத்தும் நின்றது. அடுத்த ஆண்டே அப்பல்லோ 15 வீரர்கள் டேவிட் ஸ்காட்டும் ஜேம்ஸ் இர்வினும் அனார்த்தசைட் கல் ஒன்றை முழுசாகவே எடுத்து வந்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் சந்திரயான்-3 இறங்கிய பிறகு, பிரக்யான் ஊர்தி தான் உருண்டுபோன வழியில் 23 இடங்களில் மண்ணின் கூறுகளை அளந்தது. அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தினர் 2024இல் வெளியிட்ட முடிவு: அங்கேயும் அனார்த்தசைட் வகை மண்தான். அப்பல்லோ இறங்கிய இடங்களெல்லாம் நடுக்கோட்டுக்கு ஓரளவு அருகில் இருப்பவை. அங்கிருந்து வெகுதொலைவில், தென்கோடியிலும் அதே ஓடு.

இந்தப் பாறைக்கும் நாமக்கல் மாவட்டத்துக்கும் ஓர் உறவு உண்டு. பரமத்தி வேலூர் பக்கம் சித்தம்பூண்டி, குன்னமலை ஊர்களில் பூமியின் மேற்பரப்பிலேயே அனார்த்தசைட் வெளித்தெரிகிறது. சுமார் 250 கோடி ஆண்டுப் பழமை அதற்கு. சந்திரயான்-2 திட்டத்துக்காக, இறங்கு கலத்தையும் ஊர்தியையும் சோதித்துப் பார்க்க நிலவின் மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்களின் துணையோடு இந்தக் கற்களைத்தான் வெட்டி எடுத்து, அரைத்து, பெங்களூரில் பரப்பினார்கள். வானத்தில் வெண்மையாகத் தெரிவது எதுவென்று கையில் எடுத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் சித்தம்பூண்டிக்குப் போகலாம்.

நிலா கொதிநிலையில் பிறந்தது என்பது இப்படி உறுதியானது. அவ்வளவு வெப்பத்தையும் மற்றவற்றையும் சேர்த்து விளக்க அதுவரை இருந்த எந்தப் பிறப்புக் கதையாலும் முடியவில்லை.

அப்படி இருந்த கதைகள் மூன்று. அவற்றில் மிகவும் அழகானது ஜார்ஜ் டார்வினுடையது. பரிணாமக் கொள்கையைத் தந்த சார்லஸ் டார்வினின் மகன் அவர். கேம்பிரிட்ஜில் கணிதம் செய்தவர். கடலின் ஏற்றவற்றத்தை ஆராயும்போது அவர் ஒன்றைக் கவனித்தார். நிலவின் ஈர்ப்பால் பூமி சற்றுப் புடைக்கிறது. பூமி ஒரு நாளில் ஒரு சுற்று சுழல்கிறது. நிலா நம்மைச் சுற்றிவர 27 நாளுக்கு மேல் ஆகிறது. எனவே பூமியின் சுழற்சி அந்தப் புடைப்பை நிலாவுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போகிறது. முன்னால் நிற்கும் புடைப்பு நிலாவைத் தன் பக்கம் இழுக்க, நிலா உந்தம் பெற்று விலகுகிறது. பதிலுக்கு நிலா அந்தப் புடைப்பைப் பின்னால் இழுக்க, பூமியின் சுழற்சி தளர்கிறது. கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், ஒரு காலத்தில் நிலா பூமிக்கு வெகு அருகில் இருந்தது, பூமியின் ஒரு நாள் ஐந்து மணி நேரம் போல இருந்தது என்று வந்தது. இன்னும் ஓரடி பின்னால் போனார் டார்வின். உருகிய நிலையில் வேகமாகச் சுழன்ற பூமியிலிருந்து பிய்ந்து தெறித்ததே நிலா என்று 1870களின் இறுதியில் சொன்னார். ஆஸ்மண்ட் ஃபிஷர் என்ற பாதிரியார் 1882இல், பிய்ந்துபோன தழும்புதான் பசிபிக் பெருங்கடல் என்று சேர்த்தார். இந்தப் பசிபிக் கதை பல பத்தாண்டுகள் பள்ளிப் புத்தகங்களில் வாழ்ந்தது. பசிபிக்கின் அடித்தரை முழுவதும் 20 கோடி ஆண்டுக்கும் குறைந்த வயதுடையது என்று பின்னால் தெரியவந்தபோதுதான் அது உதிர்ந்தது. டார்வினின் பிளவுக் கதையும் கணக்கில் தோற்றது. பூமி தானாகப் பிய்ந்து தெறிக்க வேண்டுமென்றால் அதன் நாள் இரண்டரை மணி நேர அளவில் இருந்திருக்க வேண்டும். பூமி, நிலா இரண்டிடமும் இன்றிருக்கும் சுழற்சி உந்தம் முழுவதையும் கூட்டினாலும் அவ்வளவு தேறாது.

இரண்டாவது, பிரான்ஸின் எதுவார் ரோஷ் சொன்னது: பூமியும் நிலாவும் ஒரே தூசி மேகத்திலிருந்து அருகருகே திரண்டவை. இதற்கு இரும்பு இடம்கொடுக்கவில்லை. பூமியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அதன் இரும்புக் கருவில் இருக்கிறது. நிலவின் கருவோ அதன் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். பூமியின் சராசரி அடர்த்தி நீரைப்போல் 5.5 மடங்கு, நிலவினுடையது 3.3. ஒரே மேகத்தில் பிறந்த இரண்டில் ஒன்று மட்டும் இரும்பில்லாமல் எப்படிப் போகும்? மூன்றாவது கதையில், எங்கோ பிறந்து அலைந்த நிலாவைப் பூமி மடக்கிப் பிடித்தது. நோபல் பரிசு பெற்ற வேதியியலாளர் ஹெரால்டு யூரி இதன் பக்கம் நின்றார். ஆனால் பாய்ந்து வரும் அவ்வளவு பெரிய உடலைப் பிரேக் போட்டு நிறுத்த பூமியிடம் ஒன்றும் இல்லை.

மூன்றும் தோற்றபோது நான்காவது கதை வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. 1960களின் தொடக்கத்தில் அரிசோனாவின் டூசான் நகரில், வானியலாளர் ஜெரார்டு கைப்பரிடம் மாணவராக இருந்தார் வில்லியம் ஹார்ட்மன். தொலைநோக்கியில் எடுத்த நிலாப் படங்களை ஒரு பெரிய வெள்ளைக் கோளத்தின் மேல் ஒளிபாய்ச்சி, பக்கவாட்டில் நடந்துபோய்ப் படம் எடுப்பது அங்கே வேலை. இங்கிருந்து சாய்வாக மட்டுமே தெரியும் விளிம்புப் பகுதிகளை அப்படி நேருக்கு நேர் பார்க்க முடிந்தது. ஒருநாள் நிலவின் மேற்கு விளிம்பில் வளையத்துக்குள் வளையமாக, 900 கிலோமீட்டருக்கு மேல் அகன்ற ஒரு பிரமாண்டமான குழி அவர்கள் கண்ணில் பட்டது. ஓரியன்டேல் வடுநிலம் என்று இன்று அதைச் சொல்கிறோம். அப்படி ஒரு வடுவை உண்டாக்க எவ்வளவு பெரிய பொருள் வந்து மோதியிருக்க வேண்டும்? இந்தக் கேள்வி ஹார்ட்மனை விடவில்லை. சிறு கட்டிகள் மோதி ஒட்டிக் கோள்கள் வளர்கின்றன என்று கணக்குப் போட்டுக் காட்டிய சோவியத் அறிஞர் விக்டர் சஃப்ரோனோவின் நூலைப் படித்தபோது, கேள்வி இன்னும் கூர்மையாயிற்று. பூமி வளர்ந்துகொண்டிருந்த இடத்தில் அதற்கு அடுத்த பெரிய கட்டி எவ்வளவு பெரிதாக இருந்திருக்கும்?

மிகப் பெரிது என்று விடை வந்தது. ஹார்ட்மனும் டொனால்ட் டேவிஸும் 1975இல் எழுதினார்கள்: அப்படிப்பட்ட ஓர் உடல் பூமியில் மோதியது, இரும்பு ஏற்கனவே கருவுக்குள் இறங்கிவிட்டிருந்ததால், மேலடுக்கின் பாறைப் பொருள்தான் பெரும்பாலும் வெளியே தெறித்தது, அதிலிருந்து நிலா திரண்டது. இரும்பு ஏன் இல்லை என்பதற்கும், நிலா ஏன் உருகிக் கிடந்தது என்பதற்கும், எளிதில் ஆவியாகும் சோடியம், பொட்டாசியம், துத்தநாகம் போன்றவை நிலாக் கற்களில் ஏன் குறைவு என்பதற்கும் ஒரே மோதல் விடை சொன்னது. ஆலஸ்டர் கேமரனும் வில்லியம் வார்டும் சுழற்சி உந்தக் கணக்கிலிருந்து புறப்பட்டுத் தனியே இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். மோதியது செவ்வாய் அளவுக்கு இருக்க வேண்டும் என்றது அவர்கள் கணக்கு. 1946இலேயே ஹார்வர்டின் ரெஜினால்டு டேலி இப்படி ஒரு மோதலைப் பற்றி எழுதியிருந்தார். அந்தக் கட்டுரையை அன்று யாரும் பொருட்படுத்தவில்லை. ஹவாய்த் தீவின் கோனாவில் 1984 அக்டோபரில் நிலவின் பிறப்பைப் பற்றியே ஒரு மாநாடு கூடியது. அது கலைந்தபோது அறிஞர்களில் பெரும்பாலோர் மோதல் பக்கம் சாய்ந்திருந்தார்கள்.

அன்றைக்கு என்ன நடந்தது என்பதை அதன் பிறகு கணிப்பொறிகள் வரைந்து காட்டின. இன்றைக்குச் சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன், பூமி ஏறக்குறைய முழு வளர்ச்சி பெற்றுவிட்ட நேரம். கிரேக்கப் புராணத்தில் நிலாத் தெய்வத்தின் தாயான தேயாவின் பெயரை, மோதிய அந்தக் கோளுக்கு வைத்திருக்கிறார்கள். தேயா நேராக வந்து மோதவில்லை, சாய்வாக வந்தது. வேகம் நொடிக்கு ஒன்பது பத்து கிலோமீட்டர். சில மணி நேரத்துக்குள் தேயா கிழிந்துபோகிறது. அதன் இரும்புக் கரு பூமிக்குள் இறங்கி, பூமியின் கருவோடு கலந்துவிடுகிறது. உருகிய பாறையும் ஆவியான பாறையும் பூமியைச் சுற்றி ஒரு தட்டாகப் பரவுகின்றன. பூமியின் மையத்திலிருந்து சுமார் 18,500 கிலோமீட்டருக்குள் இருந்த பொருள் ஒன்றுதிரள முடியாது. பூமியின் ஈர்ப்பே அதைப் பிய்த்துவிடும். இந்த எல்லையைக் கணக்கிட்டவர் ரோஷ். தன் பிறப்புக் கதையில் தோற்றவர், வென்ற கதையில் இப்படி ஓர் எல்லைக்கோடாக நிற்கிறார். அந்தக் கோட்டுக்கு வெளியே நிலா திரண்டது. அன்று வானத்தை அண்ணாந்து பார்க்க யாராவது இருந்திருந்தால், இன்றையதைப்போலப் பத்து மடங்குக்கும் அதிக அகலத்தில், செந்தணலாக ஒரு நிலா தெரிந்திருக்கும். ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பொழுது விடிந்திருக்கும்.

அந்த ஐந்து மணி நேரம் டார்வினுடையது. அவருடைய பிளவுக் கதை போனாலும், ஓதக் கணக்கு, அதாவது ஏற்றவற்றக் கணக்கு, அப்படியே நிலைத்துவிட்டது. அப்பல்லோ 11, 14, 15 வீரர்கள் நிலவில் வைத்துவந்த எதிரொளிப்பான்கள் மேல் லேசர் கதிரை அடித்து, அது திரும்பிவர ஆகும் நேரத்தை அரை நூற்றாண்டாக அளந்து வருகிறார்கள். நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் விலகிக்கொண்டிருக்கிறது. ஜான் வெல்ஸ் என்ற ஆய்வாளர் 1963இல் டெவோனியன் காலத்துப் பவளப்பாறைப் புதைபடிவங்களில் நாள்வளர்ச்சிக் கோடுகளை எண்ணினார். ஓர் ஆண்டு வளர்ச்சிக்குள் ஏறத்தாழ 400 கோடுகள். ஏறக்குறைய 38 கோடி ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆண்டில் 400 நாட்கள் இருந்தன. ஒரு நாள் 22 மணி நேரம்தான். கணிதத்தில் பிறந்த ஒன்றுக்குப் பவளப்பூச்சியின் உடலில் சாட்சி கிடைத்தது. இன்றைய ஓதத்தின் வலுவை வைத்து மட்டும் பின்னோக்கிக் கணக்கிட்டால் நிலவின் வயது 150 கோடி என்று தவறாக வந்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். கண்டங்கள் இன்று அமைந்திருக்கும் விதத்தால் கடலோதம் வழக்கத்தைவிட வலுவாக இருக்கிறது. பழைய கடல்களில் இழுவை குறைவு.

மற்றத் துணைக்கோள்களோடு ஒப்பிடும்போதுதான் இந்தப் பிறப்பு எவ்வளவு அசாதாரணமானது என்பது புரியும். 1610 ஜனவரியில் கலிலியோ கண்ட வியாழனின் நான்கு பெரிய நிலாக்கள் சண்டை சச்சரவில்லாமல் பிறந்தவை. இளம் வியாழனைச் சுற்றியிருந்த வாயு, தூசித் தட்டில், அவை இருந்த இடத்திலேயே திரண்டன. அவற்றின் அடர்த்தியைப் பாருங்கள்: உள்ளே இருக்கும் அயோவுக்கு 3.5, யூரோப்பாவுக்கு 3.0, கனிமீடுக்கு 1.9, வெளியே இருக்கும் கலிஸ்டோவுக்கு 1.8. அனலாக இருந்த வியாழனுக்கு அருகில் பனிக்கட்டி நிலைக்கவில்லை. தள்ளிப் போகப் போகப் பனி கூடியது. கனிமீடு 5,268 கிலோமீட்டர் குறுக்களவோடு புதன் கோளையே மிஞ்சுகிறது. அப்படியிருந்தும், வியாழனோ சனியோ யுரேனஸோ, தன் நிலாக்கள் எல்லாவற்றையும் கூட்டினால் அந்தக் கோளின் எடையில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் வரும். ராபின் கனப்பும் வார்டும் 2006இல் இதற்குக் காரணம் சொன்னார்கள்: தட்டிலிருந்த வாயுவின் இழுவையில், அளவு மீறி வளர்ந்த நிலாக்கள் கோளுக்குள்ளேயே விழுந்து அழிந்தன. பத்தாயிரத்தில் ஒன்று என்ற அந்த அளவோடு நம்முடையதை வைத்துப் பாருங்கள். பூமியின் எடையில் 81இல் ஒரு பங்கு. இவ்வளவு பெரிய பங்கு அமைதியாகத் திரண்டு வருவதில்லை. புளூட்டோவின் கேரான் இதைவிடப் பெரிய பங்கு. அதுவும் மோதலில் பிறந்தது என்றுதான் இன்று கருதுகிறார்கள்.

பிடித்துக் கொணரப்பட்ட நிலாவும் உண்டு. நெப்டியூனைக் கண்டுபிடித்து மூன்று வாரம் ஆவதற்குள், 1846 அக்டோபரில், லிவர்பூலில் பீர் ஆலை நடத்திய வில்லியம் லாசெல் தானே செய்த தொலைநோக்கியில் டிரைட்டனைக் கண்டார். பெரிய நிலாக்களில் டிரைட்டன் மட்டும்தான் தன் கோள் சுழலும் திசைக்கு எதிராகச் சுற்றுகிறது. கூடவே பிறந்தது எதிர்த்திசையில் போகாது. நெப்டியூனுக்கு அப்பால் உள்ள கைப்பர் பட்டையிலிருந்து ஒரு துணையோடு சேர்ந்து வந்து, அந்தத் துணை வேகத்தை வாங்கிக்கொண்டு தப்பிவிட, டிரைட்டன் மட்டும் மாட்டிக்கொண்டது என்று 2006இல் விளக்கினார்கள். யூரி நம் நிலாவுக்கு நினைத்த கதை அங்கே நடந்திருக்கிறது. செவ்வாயின் ஃபோபோஸில் டார்வினின் ஓதம் தலைகீழாக வேலை செய்கிறது. செவ்வாய் ஒருமுறை சுழல்வதற்குள் ஃபோபோஸ் மூன்று முறை சுற்றிவிடுகிறது. புடைப்பு பின்னால் நின்று இழுப்பதால், நூறாண்டுக்குச் சுமார் இரண்டு மீட்டர் கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது. சில கோடி ஆண்டுகளில் ரோஷின் எல்லைக்குள் வந்து சிதறும்.

நம் நிலாவின் கதையில் இன்னும் ஒரு முடிச்சு அவிழவில்லை. அது ஆக்சிஜனில் விழுந்த முடிச்சு. ஆக்சிஜனில் 16, 17, 18 என்று மூன்று ஐசோடோப்கள் உண்டு. அவற்றின் விகிதம் சூரியக் குடும்பத்தில் இடத்துக்கு இடம் மாறும். செவ்வாயிலிருந்து வந்து விழுந்த விண்கற்களில் ஒரு விகிதம், சிறுகோள்களின் கற்களில் வேறு வேறு விகிதங்கள். சிகாகோவின் ராபர்ட் கிளேட்டன் அப்பல்லோ கற்களை அளந்தபோது, அவை பூமியின் கற்களோடு ஒத்துப்போயின. அதன் பிறகு வந்த நுட்பமான கருவிகளும், பத்து லட்சத்தில் சில பங்குக்கு மேல் வேறுபாடு காணவில்லை. கனப்பும் எரிக் ஆஸ்ஃபாகும் 2001இல் செய்த கணிப்பொறிக் கணக்கிலோ நிலவின் பெரும்பகுதி தேயாவின் பொருளாக வருகிறது. வேறிடத்துக் கோளின் பொருள் என்றால் விகிதம் வேறாக இருக்க வேண்டாமா?

இதற்குப் பலர் பல விடை சொல்லியிருக்கிறார்கள். மோதலுக்கு முன்பே பூமி வெகு வேகமாகச் சுழன்றது, அதனால் தெறித்தது பூமியின் பொருளே என்று 2012இல் மத்தியா சூக்கும் சாரா ஸ்டூவர்ட்டும் சொன்னார்கள். அதே ஆண்டு கனப், மோதிய இரண்டும் ஏறக்குறைய சம எடையுடையவை, அதனால் முற்றாகக் கலந்தன என்றார். மோதலில் பூமியே ஆவியாகி உப்பி நடுவில் தடித்த வளையம்போல் சுழல, அந்த ஆவிக்குள்ளேயே நிலா திரண்டது என்பது ஸ்டூவர்ட்டின் குழு பின்னால் வைத்த கருத்து. தேயாவின் எச்சங்கள் இன்னும் நம் காலுக்கடியில் இருக்கலாம் என்றது 2023இல் வந்த ஓர் ஆய்வு. நிலநடுக்க அலைகள் மெதுவாகக் கடக்கும் இரண்டு பிரமாண்டக் கட்டிகள், ஆப்பிரிக்காவுக்கும் பசிபிக்குக்கும் அடியில், கருவை ஒட்டிக் கிடக்கின்றன. அவை தேயாவின் மேலடுக்காக இருக்கலாம் என்பது அதன் வாதம்.

என் மனம் சாய்வது இவற்றைவிட எளிய விடையின் பக்கம். தேயா தொலைவிலிருந்து வரவில்லை. பூமிக்குப் பக்கத்திலேயே, அதே பொருளில் வளர்ந்த கோள் அது. அப்படியானால் ஆக்சிஜன் ஒத்துப்போவதில் வியப்பில்லை. இதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. சூரியனுக்கு அருகில் வளர்ந்த கோள்களில் பூமியின் அடுத்த வீடு வெள்ளி. வெள்ளியின் பாறையிலும் பூமியின் விகிதமே இருந்தால், இந்தப் பகுதி முழுவதும் ஒரே பொருளால் ஆனது என்றாகும். தேயாவுக்கும் அதே விகிதம் இருந்தது என்பது இயல்பாகிவிடும். வேறுபட்டால் சூக், ஸ்டூவர்ட், கனப் ஆகியோரின் கடுமையான மோதல்களில் ஒன்றை ஏற்றுத்தான் ஆக வேண்டும். ஆனால் வெள்ளியிலிருந்து வந்தது என்று அடையாளம் காணப்பட்ட விண்கல் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. அதன் தரையில் வெப்பம் 460 டிகிரிக்கு மேல். காற்றழுத்தம் நம்முடையதைப்போல் 90 மடங்கு. 1982இல் இறங்கிய சோவியத்தின் வெனெரா 13 அங்கே 127 நிமிடம் தாக்குப்பிடித்தது. அதற்கு மேல் தாங்கிய கலம் எதுவும் இல்லை. தேவையான துல்லியத்தில் ஆக்சிஜனை அளக்க, கல் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாக வேண்டும். நிலவிலிருந்து அப்பல்லோ மட்டும் 382 கிலோ கொண்டுவந்தது. வெள்ளியிலிருந்து ஒரு கிராம் போதும்.